ஏழு பாகைத் துண்டு

திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, திருப்பலிக்குப் பின் வரவு செலவுக் கணக்கு வாசிப்பது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். வாசிப்பவர் ஒரே மூச்சில் வாசித்து முடிப்பார். கேட்பவர்களில் பாதிப் பேர் எழுந்து நிற்பர். சிறுவர்கள் அதற்குள் வாசலைத் தாண்டியிருப்பர். இலட்சங்களும் ஆயிரங்களும் காற்றோடு போக, கையிருப்பு எவ்வளவு என்ற ஒன்றுமட்டும் காதில் விழும். அதையும் வீடு போய்ச் சேருமுன் மறந்துவிடுவோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இக்குறையைத் தீர்க்க எண்ணி, கணக்கைப் படமாக வரைந்து கோவில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று திருவிழாக் கமிட்டிக்கு நாமே யோசனை சொன்னோம். பாடகர் குழுவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளியில் கற்ற வட்ட விளக்கப்படத்தை வரைந்து தருவதாக முன்வந்தாள். பெரிய வெள்ளை அட்டை ஒன்றும் வண்ணப் பென்சில்களும் வாங்கிக் கொடுத்தோம். நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கிவைத்த மனநிறைவோடு மாலைச் செபத்திற்குச் சென்றோம். அந்த மனநிறைவு நீடிக்கவில்லை.

படத்தைப் பற்றி முதலில் சில சொற்கள். இதனை ஆங்கிலத்தில் 'பை' என்பர்; வட்டமாகச் சுட்டு, நடுவிலிருந்து துண்டு போடும் ஒருவகைப் பண்டத்தின் பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி ஒன்றின் பெயரால் இதனைக் கமம்பேர் என்று அழைக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கோ குழப்பம் இரட்டிப்பாகிறது. வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிடும்போது வரும் 'பை' வேறு. இந்தப் 'பை' வேறு. நம்முடைய உபதேசியார் மூன்றாவதாக ஒரு பொருள் சொன்னார்: "பையிலே இருக்கிற பணம் எங்கே போச்சுன்னு காட்டுறதுனாலே பைப் படம், சாமி." மொழிநூலார் ஒப்பமாட்டார்கள், நமக்கென்னவோ பிடித்திருந்தது.

படத்தின் அடிப்படை எளிது. ஒரு வட்டம் முழுப் பொருளைக் குறிக்கும். அதன் மையத்திலிருந்து விளிம்புவரை கோடுகள் இழுத்தால் துண்டுகள் கிடைக்கும். மையத்தைச் சுற்றியுள்ள கோணம் முழுவதும் 360 பாகை. ஆகவே முழுத்தொகையில் ஒரு செலவு எத்தனையில் ஒரு பங்கோ, 360 பாகையில் அத்தனையில் ஒரு பங்கு அதன் துண்டுக்குரிய மையக்கோணம். பாதி என்றால் 180. கால் என்றால் 90, அதாவது ஒரு செங்கோணம். நூற்றுக்கு ஒன்று என்றால் 3.6 பாகை. விழுக்காட்டை 3.6 ஆல் பெருக்கினால் போதும். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

வட்டத்தை 360 ஆகப் பிரித்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபது அறுபதாக எண்ணிய பண்டைய பாபிலோனியரிடமிருந்து வந்த மரபு அது. மணிக்கு அறுபது நிமிடம் வைத்ததும் அதே மரபுதான். 360 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 24 உள்ளன. ஒன்றுமுதல் பத்துவரை ஏழு ஒன்றைத் தவிர எல்லா எண்களும் அதை வகுக்கும். விவிலியத்தில் அத்துணைச் சிறப்புப் பெற்ற ஏழு மட்டும் இவ்வட்டத்திற்கு அடங்க மறுக்கிறது. வாரத்தின் ஏழு நாள்களை ஒரு வட்டமாக வரைந்தால் ஆண்டவருடைய நாளுக்கு 51 பாகையும் ஒரு பாகையை ஏழாக்கியதில் மூன்று பங்கும் கிடைக்கும். அதே வட்டத்தில் ஒருமணி நேரத் திருப்பலிக்கு இரண்டு பாகையும் ஏழில் ஒரு பங்கும். பூசை நீண்டுவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் இத்துண்டை ஒருமுறை வரைந்து பார்க்கலாம்.

திருவிழாக் கணக்கிற்கு வருவோம். அவ்வாண்டு மொத்தச் செலவு 5,40,000 ரூபாய். அதை 360 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 1,500 ரூபாய். பந்தல், ஒலி, ஒளி ஆகியவற்றுக்கு 1,62,000; அது 108 பாகை. பாண்டு வாத்தியமும் கலைநிகழ்ச்சியும் 1,08,000; 72 பாகை. அசனத்திற்கு 91,800, 61.2 பாகை. வாணவேடிக்கை 81,000, 54 பாகை. சப்பரமும் பூ அலங்காரமும் 64,800, 43.2 பாகை. கொடி, அச்சு, விருந்தினர் செலவு 21,600, 14.4 பாகை. எஞ்சியது ஏழைகள் உதவி: 10,800 ரூபாய், 7.2 பாகை.

பள்ளிப் பிள்ளைகளின் கோணமானியில் முழுப் பாகைகளே குறிக்கப்பட்டிருக்கும். பின்னத்தை வைத்துக் கோடு இழுக்க இயலாது. எனவே அந்த மாணவி பின்னங்களை நீக்கி எழுதிக் கூட்டினாள். 359 வந்தது. ஒரு பாகை அநாதையாக நின்றது. "அதை ஏழைகளுக்கே கொடுத்துவிடு, அம்மா" என்றோம், பெருந்தன்மையோடு. அவள் ஒப்பவில்லை. எந்த எண்ணின் பின்னம் பெரிதோ அதற்கே மீதியைச் சேர்க்கவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறாராம். 14.4 இல் உள்ள பின்னமே பெரிது. அச்சுச் செலவு 15 ஆயிற்று; ஏழைகள் 7 இலேயே நின்றனர்.

வரைந்து வண்ணம் தீட்டி அன்று மாலையே பங்கு இல்லத்திற்குக் கொண்டுவந்தாள். படம் அழகாக இருந்தது. ஆனால் ஏழைகள் உதவி என்ற பெயர் அதற்குரிய துண்டில் அடங்கவில்லை. கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. ஏழு பாகை என்பது அம்முள் ஒரு நிமிடத்தைத் தாண்டிச் சற்றே நகரும் இடைவெளி. கத்தியால் கீறியதுபோல் ஒரு சிவப்புக் கீற்று. ஒலிபெருக்கியும் விளக்கும் வட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு அகலக் காலூன்றி நின்றன.

அப்போது நாம் சொன்ன வார்த்தைகளை மறைக்கப்போவதில்லை. "எழுத்து நிற்கும்படி அந்தத் துண்டைக் கொஞ்சம் அகலப்படுத்திவிடேன். இருபது பாகை வைத்தால் போதும். பக்கத்தில் எண்ணைச் சரியாக எழுதிவிடுவோம், பொய் ஒன்றுமில்லையே." படம் பார்வைக்கு நன்றாக இருக்கவேண்டும் என்பதே நமது நோக்கம் என்று அப்போது நமக்கே சொல்லிக்கொண்டோம்.

அவள் மறுப்புச் சொல்லாமல் புதிய அட்டையுடன் போனாள். ஒருமணி நேரம் கழித்து வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, இடம் பத்தலை."

ஏழைகளுக்கு இருபது பாகை வைத்துவிட்டு மற்றவற்றை வரிசையாக அளந்து வந்திருக்கிறாள். கடைசியில் அச்சுச் செலவுக்கு வேண்டியது 15. வட்டத்தில் எஞ்சியிருந்தது 2. மொத்தம் 373 பாகை கொண்ட வட்டத்தை அவளிடம் கேட்டிருந்தோம். ஆண்டவர் அப்படியொரு வட்டத்தைப் படைக்கவில்லை.

"இன்னும் 13 பாகை வேணும். யார்கிட்டேயிருந்து எடுக்கிறது சாமி?"

கேள்வியில் குறும்பு கிடையாது. எந்தக் கோட்டை அழித்து எங்கே இழுப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. 13 பாகை என்றால் 19,500 ரூபாய். வாணவேடிக்கையிலிருந்தா? பாண்டிலிருந்தா? திருவிழாவுக்கு முன் பங்குப்பேரவையில் எவரும் எழுப்பாத, நாமும் எழுப்பாத கேள்வியை, செலவெல்லாம் முடிந்த பிறகு ஒரு சிறுமி பென்சிலும் அழிப்பானும் வைத்துக்கொண்டு கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. பழைய படத்தையே ஒட்டச் சொன்னோம். துண்டிலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்து, வட்டத்துக்கு அப்பால் ஏழைகள் உதவி என்று எழுதி, அடியில் தொகையைக் குறித்தாள். ஏழைகள் வட்டத்துக்கு வெளியே நின்றனர்.

பிற்பாடு, இவ்வகைப் படத்தை முதன்முதல் வரைந்தவர் யாரென்று தேடிப் படித்தோம். 1759இல் ஸ்காட்லாந்தில் சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த வில்லியம் பிளேஃபேர் என்பவர் அவர். சிறுவயதில் தந்தையை இழந்து, பின்னாளில் புகழ்பெற்ற கணித அறிஞராக விளங்கிய அண்ணன் ஜானின் பராமரிப்பில் வளர்ந்தார். நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடக்காரராகப் பணியாற்றினார். வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து 1786இல் ஒரு நூல் வெளியிட்டார். 1801இல் வெளியிட்ட மற்றொரு நூலில், துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் எவ்வாறு பரந்து கிடந்தது என்பதை ஒரே வட்டத்தை மூன்று துண்டுகளாக்கி, வண்ணம் தீட்டிக் காட்டினார். அச்சேறிய முதல் வட்ட விளக்கப்படம் அதுவே என்பர். அந்நூலின் பெயர் நமக்குப் புன்முறுவலை வரவழைத்தது: புள்ளிவிவரப் பிரேவியரி! குருக்கள் நாள்தோறும் கையிலெடுக்கும் கட்டளைச் செபப் புத்தகத்துக்குரிய பெயர் அது. சுருக்க நூல் என்பதே அதன் மூலப்பொருள். பிளேஃபேர் அப்பொருளில்தான் வைத்தார். பிறர் கணக்கை இத்துணைத் தெளிவாக வரைந்த அம்மனிதர், தம் சொந்தக் கணக்கில் கடன்மேல் கடன்பட்டு 1823இல் வறுமையில் இறந்தார் என்பதையும் படித்தோம்.

பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் மினார் என்பவர் 1858இல் இதனை மேலும் ஒருபடி வளர்த்தார். பாரிஸ் நகருக்கு எந்தெந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு இறைச்சி வருகிறது என்பதைப் பிரான்சு நாட்டின் வரைபடத்தின்மீதே சிறுசிறு வட்டங்களாகக் குறித்தார். மாட்டிறைச்சி, கன்றிறைச்சி, ஆட்டிறைச்சி என ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்று துண்டுகள். நிறைய அனுப்பும் மாவட்டத்துக்குப் பெரிய வட்டம். குறைய அனுப்பும் மாவட்டத்துக்குச் சிறியது. வட்ட விளக்கப்படத்தின் பெருங்குறை ஒன்றை இதன்மூலம் அவர் ஈடுசெய்தார். துண்டின் கோணம் பங்கைமட்டுமே சொல்லும், தொகையைச் சொல்லாது. பத்து இலட்சம் செலவிடும் பங்கும் ஓர் இலட்சம் செலவிடும் பங்கும் ஏழைகளுக்கு நூற்றுக்கு ஐந்து ஒதுக்கினால், இரண்டு வட்டங்களிலும் அதே 18 பாகைதான். ஆகவே எந்த வட்டத்தைக் கண்டாலும், இது எதனுடைய முழுமை, அந்த முழுமை எவ்வளவு என்று முதலில் கேட்கவேண்டும்.

எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த நம் ஆண்டவர் பார்த்ததும் இதையே அன்றோ? செல்வர் பலர் பெருந்தொகை இட்டனர். தொகையைப் பார்த்தால் கைம்பெண்ணின் இரு காசுகள் ஒரு பொருட்டல்ல. ஆனால் அவரவர் உடைமையை அவரவருக்கு ஒரு வட்டமாக வரைந்தால், செல்வருக்குச் சில பாகைகள், அவளுக்கோ 360ம். அவளது படத்தில் கோடு இழுக்கவே இடமில்லை.

கண் எளிதில் ஏமாறும் என்பதையும் சொல்லவேண்டும். 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள், மக்கள் படங்களைப் பார்த்து அளவுகளை எவ்வளவு சரியாக மதிப்பிடுகின்றனர் என்று சோதித்தனர். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை ஒப்பிடுவதைவிடக் கோணங்களை ஒப்பிடுவதில் பிழை மிகுதி என்று கண்டனர். நம்பாதவர்கள் நம் திருவிழாப் படத்தையே பார்க்கலாம்: அசனத்தின் 61 பாகைக்கும் வாணவேடிக்கையின் 54 பாகைக்கும் எது பெரிதென்று சொல்லக் கேட்டால், பத்துப் பேரில் நால்வர் தயங்கினர். எண்ணை எழுதாத வட்டம் பாதி ஊமை.

இக்காலத்தில் கைப்பேசியிலும் கணினியிலும் வட்டத்தைச் சற்றே சாய்த்து, தடித்த தோசைக்கல் போல் வரைந்து காட்டுகின்றனர். அழகுக்காகச் செய்வதுதான். ஆனால் சாய்ந்த வட்டம் வட்டமாக இராது, நீள்வட்டமாகிவிடும். மையக்கோணங்கள் மாறிவிடும். நமக்கு எதிரே முன்பக்கமாக உள்ள துண்டு விரிந்து தோன்றும். பக்கவாட்டில் உள்ளது ஒடுங்கும். போதாக்குறைக்கு, முன்பக்கத் துண்டுக்கு அதன் விளிம்பின் தடிப்பும் சேர்ந்துகொள்ளும். அடுத்த ஆண்டுக் கமிட்டியில் இளைஞர் ஒருவர் அத்தகைய படம் ஒன்றைச் செய்து, ஏழைகள் துண்டை முன்பக்கம் வைத்துச் சற்று வெளியே இழுத்தும் காட்டினார். "பார்த்தா பெருசா தெரியும் ஃபாதர்" என்றார். இதே யோசனையை முந்திய ஆண்டு சொன்னவர் யார் என்பது அவருக்குத் தெரியாது.

இந்த வட்டம் கோவில் கணக்குக்கு மட்டும் உரியதன்று. மாதம் 18,000 ரூபாய் ஈட்டும் ஒருவரும் அவர் மனைவியும் வீட்டில் பணம் நிற்பதில்லை என்ற சச்சரவோடு நம்மிடம் வந்தனர். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, அவர்கள் அனுமதியுடனே எழுதுகிறோம்.) தாம் ஒருநாளைக்கு 150 ரூபாய்க்கு மேல் குடிப்பதில்லை என்றார் அவர். 150 ரூபாய் பெருந்தொகையாக அவருக்குத் தோன்றவில்லை. பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு தட்டை வைத்து வட்டம் வரைந்து, கத்தரித்து, அவர் கையில் கொடுத்தோம். முப்பது நாளைக்கு 4,500. 18,000இல் அது சரியாகக் கால் பங்கு. தாளை ஒருமுறை மடிக்கச் சொன்னோம்; மறுமுறையும் மடிக்கச் சொன்னோம். விரித்ததும் வட்டம் நான்கு செங்கோணங்களாகப் பிரிந்திருந்தது. அவற்றுள் ஒன்று சாராயம். மனைவி எதுவும் பேசவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மகளிர் குழுத் தவணையும் சேர்ந்தாலும் அத்துண்டை எட்டவில்லை. அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். இப்போது வாரத்தில் சில நாள் குடிப்பதில்லை என்று மனைவி சொல்கிறார்.

ஆண்டுதோறும் மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் வெளியானதும், ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நாணய வடிவில் வட்டப்படம் செய்தித்தாள்களில் வருகிறதே, அதையும் இனிக் கூர்ந்து பாருங்கள். அங்கே கணக்கு எளிது, காசை 3.6 ஆல் பெருக்கினால் பாகை. 2024-25ஆம் ஆண்டுத் திட்டத்தில் வரவு ரூபாயில் கடனும் பிற பொறுப்புகளுமாக 27 காசு. ஏறத்தாழ 97 பாகை, ஒரு செங்கோணத்துக்கும் அதிகம். செலவு ரூபாயில் வட்டிக்கு மட்டும் 19 காசு. 68 பாகைக்கு மேல். பாதுகாப்புத் துறைக்கு 8 காசு. 29 பாகைக்குச் சற்றுக் குறைவு. அரசு கடன் வாங்குவதும் குடும்பம் கடன் வாங்குவதும் ஒன்றல்ல என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வர், சரியாகவே இருக்கலாம். எனினும் வட்டித் துண்டு எவ்வளவு அகலம் என்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே ரூபாய்தான்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன், பங்குப்பேரவைக் கூட்டத்தில் கரும்பலகையில் வெறும் வட்டம் ஒன்றை வரைந்து வைத்தோம். செலவு முடிந்தபின் வரைந்த படத்தை இம்முறை செலவுக்கு முன் வரைவது என்று முடிவு. அவ்வாண்டு மீன்பாடு குறைவு; வரி குறைந்ததால் மொத்தம் 4,50,000க்கு மேல் போகாது என்று கணக்கிட்டனர். ஒரு பாகைக்கு 1,250 ரூபாய். கூட்டம் சந்தைபோல் ஆயிற்று. பந்தல்காரருக்காக வாதாடியவர் உண்டு. பாண்டுக்காகக் கண் கலங்கியவரும் உண்டு. எவர் ஒரு பாகை கூடுதலாகக் கேட்டாலும், அதை யாரிடமிருந்து எடுப்பது என்று சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும் என்பதே விதி. குரல்கள் தாமாகத் தணிந்தன.

வாணவேடிக்கையில் நாம் கைவைக்க முடியவில்லை. வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் நம் பங்கு மகன் ஒருவர் அதற்கென்றே பணம் அனுப்புகிறார். குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் அளிக்கும் காணிக்கையை அந்நோக்கத்துக்கே செலவிடவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1267ஆம் எண்ணுள்ள சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அவரிடமே கேட்பதென்று தொலைபேசியில் அழைத்தோம். முந்திய ஆண்டுப் படத்தை யாரோ கைப்பேசியில் அனுப்பியிருக்கவே, அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். "யோசிச்சுச் சொல்றேன் ஃபாதர்" என்றார். ஒரு வாரம் பதில் இல்லை. பின்னர், தாம் அனுப்பும் 60,000இல் கால் பங்கை ஏழைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்.

வாணவேடிக்கை 45,000 ஆயிற்று, 36 பாகை. பங்கின் சார்பில் வைத்த 7,500உம் அவர் மாற்றித் தந்த 15,000உம் சேர்ந்து ஏழைகள் உதவி 22,500, 18 பாகை. இங்கும் கண்ணை நம்பிவிடக் கூடாது. பாகையில் இது முந்திய ஆண்டைவிட இரண்டரை மடங்கு. பணத்திலோ 10,800 என்பது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது. ஏனெனில் வட்டமே சுருங்கியிருந்தது. வின்சென்ட் தே பவுல் சபையினர் அப்பணத்தில் படகில்லாத சில குடும்பங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அரிசி வாங்கிக் கொடுத்தனர். வேடிக்கை சீக்கிரம் முடிந்துவிட்டதென்று இளைஞர்கள் சலித்துக்கொண்டனர். பக்கத்து ஊரில் அரைமணி நேரம் வெடித்தார்களாம்.

அந்த மாணவி இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். அவ்வாண்டுப் படத்தையும் அவளே வரைந்தாள். ஏழைகள் உதவி என்ற பெயரைத் துண்டுக்குள்ளேயே, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி எழுதியிருந்தாள். எழுத்துகள் சற்று நெருக்கமாகத்தான் இருந்தன.